சோனிக்: தரையைப் பழகினால் வேகம் தானாக வரும்

‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ கேமை முதல்முறை ஆட உட்காரும் யாரும் வலது அம்புக்குறியை அழுத்திப் பிடிப்பார்கள். சிவப்பு ஷூ போட்ட நீல முள்ளெலி ஓடத் தொடங்கும். கொஞ்ச தூரத்தில் ஒரு முள் வரிசை வரும், இல்லாவிட்டால் ஒரு எந்திர நண்டு நிற்கும். வழியில் சேர்த்து வைத்த தங்க வளையங்கள், அதாவது ரிங்கெல்லாம் சிதறும். எழுந்ததும் மறுபடி அழுத்திப் பிடிப்பார்கள். மூன்று லைஃபும் போன பிறகு, படம் அழகாக இருக்கிறது, பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் கேமில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

என் அக்கா மகனும் “மாமா, இவன் சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்கிறான்” என்றுதான் கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, இருவருமாக மாறி மாறி ஆடி, கேயாஸ் எமரால்ட் என்ற ஆறு ரத்தினங்களையும் எடுத்து கேமை முடித்தோம். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். 1991 ஜூனில் வந்த கேம் இது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் தன்னுடைய பழைய சேகா ஜெனிசிஸை எனக்குக் கொடுத்தார். மற்ற நாடுகளில் மெகா டிரைவ் என்ற பெயரில் விற்ற அதே கன்சோல்தான். மூடியில் ‘16 பிட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும் முதல் மாடல். முன்பக்கம் ஹெட்ஃபோன் துளையும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையும் இருக்கும். இந்த மாடலில் ஸ்டீரியோ ஒலி அந்தத் துளை வழியாக மட்டுமே வரும். பின்னால் டிவிக்குப் போகும் வயரில் மோனோதான். ஹெட்ஃபோனில் ஒரு முறை கேமின் தொடக்க இடமான கிரீன் ஹில்லின் பாட்டைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இப்படி வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கன்சோலில் முதலில் பார்க்க வேண்டியது அடாப்டர். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். அப்படியே சொருகினால் அடாப்டர் புகைந்துவிடும், கன்சோலும் கூடவே போகலாம். ஒன்று, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். இல்லை, உள்ளூரிலேயே வேறு அடாப்டர் வாங்க வேண்டும். முதல் மாடலுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, 1.2 ஆம்பியர், பின்னின் நடுவில் நெகட்டிவ். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ் இருக்கும். அதனால் அடாப்டர் மேல் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியைப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டரிலும் ஒரு தடவை சோதித்துவிட்டுச் சொருகுங்கள். கிட்டார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் நடுவில் நெகட்டிவ் இருக்கும், ஆனால் பலவற்றில் ஆம்பியர் போதாது. இரண்டாவது மாடலுக்கு 10 வோல்ட், நடுவில் பாசிட்டிவ், பின்னும் வேறு அளவு. ஒன்றின் அடாப்டரை இன்னொன்றுக்குப் போட வேண்டாம்.

கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதுகிற பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. எச்சில் ஈரம் படிந்து செம்புப் பட்டைகள் கறுத்துப்போக அதுவே காரணமாகிவிடும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பட்டைகளை மெல்லத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் போதும். பல ஆண்டு பெட்டிக்குள் கிடந்த என் கேசட் அப்படித்தான் உயிர் பெற்றது.

டிவியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. புது எல்இடி டிவிகள் பழைய ஏவி சிக்னலைப் பெரிதாக்கிக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். பட்டனை அழுத்திய பிறகு சோனிக் தாவுவதில் சின்னத் தாமதம் தெரியும். செட்டிங்ஸில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். பழைய டப்பா டிவி இன்னும் வீட்டில் இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ‘பால்’ (PAL) என்ற டிவி முறை இருந்த பிரிட்டன் போன்ற நாடுகளின் கன்சோலை வாங்குகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவை 50 ஹெர்ட்ஸில் ஓடுபவை. அதில் இந்த முதல் சோனிக் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுத்துப் பாடியது போலக் கேட்கும். அமெரிக்க, ஜப்பானியக் கன்சோல்களில்தான் சரியான வேகம்.

இனி கேம். சோனிக் ஏன் முள்ளெலி ஆனது என்பதிலேயே இதை எப்படி ஆட வேண்டும் என்பதற்கான பதில் இருக்கிறது. நிரலை எழுதிய யூஜி நாகா, உருவத்தை வரைந்த நாவோதோ ஓஷிமா, மேடைகளை அமைத்த ஹிரோகாசு யாசுஹாரா ஆகிய மூவரும்தான் இதன் தூண்கள். முதலில் நீண்ட காதால் பொருளைத் தூக்கி எறியும் ஒரு முயலை யோசித்திருக்கிறார்கள். நின்று, எடுத்து, எறிந்து ஆடினால் ஓட்டம் தடைப்படுகிறது. ஓடுகிற வேகத்திலேயே எதிரியை அடிக்க வேண்டுமென்றால் உடம்பே ஆயுதமாக வேண்டும். அப்படித்தான் சுருண்டு பந்தாகும் விலங்குகளுக்கு வந்தார்கள். ஓஷிமா விடுமுறைக்கு நியூயார்க் போனபோது சில ஓவியங்களை சென்ட்ரல் பார்க்கில் வருவோர் போவோரிடம் காட்டிக் கேட்டிருக்கிறார். முள்ளெலி முதலிடம் பிடித்தது. இரண்டாவதாக வந்த மீசைக்கார ஆசாமி வில்லன் டாக்டர் ரோபாட்னிக் ஆனார். கேமை வெளியிட்ட சேகா நிறுவனத்தின் லோகோ நிறமே முள்ளெலிக்கும் வந்தது. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் முள்ளெலியும் ஆபத்து என்றால் உடனே பந்தாகச் சுருண்டுவிடும். அக்கா மகனுக்கு அதன் படத்தைக் காட்டிய பிறகுதான் சோனிக் ஏன் உருள்கிறான் என்பது அவன் மனதில் ஒட்டியது.

ஆக, இது உருளுவதற்காகச் செய்த கேம். ஓடும்போது கீழ் அம்புக்குறியைத் தட்டினால் சோனிக் பந்தாகிவிடுவான். சமதரையில் உருண்டால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறையும், முன்பக்கம் எவ்வளவு அழுத்தினாலும் ஏறாது. ஆனால் சரிவில் உருண்டால் காலால் ஓடி ஒருநாளும் எட்ட முடியாத வேகம் வரும். சமதரையில் நின்ற நிலையிலிருந்து முழு ஓட்டத்துக்கு வரவே இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறது. அந்த இரண்டு விநாடியைத் தரைதான் மிச்சப்படுத்திக் கொடுக்கும். மேட்டில் ஓடு, பள்ளத்தில் உருள். அக்கா மகனுக்கு நான் சொன்ன முதல் பாடம் இது. நாள் முழுக்க அதையே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான்.

கேமில் வரும் ஒவ்வொரு இடமும் ஒரு ஸோன், அதன் பகுதிகள்தான் ஆக்ட். கிரீன் ஹில் முதல் ஆக்டில் இதைச் சோதித்துப் பார்க்க நிறைய இடம் இருக்கிறது. தென்னை மாதிரி மரங்கள், கட்டம் போட்ட பழுப்பு மண், மிதித்தால் நடுவில் தொய்யும் மரப்பாலம், அதன் அடியிலிருந்து துள்ளும் எந்திர மீன். வட்டமாகச் சுற்றி வரும் லூப் வருவதற்கு முன்னால் தரை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே போதுமான வேகம் இல்லாமல் ஏறினால் பாதியில் வழுக்கிக் கீழே வருவீர்கள். அப்போது முன்னால் அழுத்தி மல்லுக்கட்டாமல், பின்னால் நகர்ந்து, இடம் எடுத்து, மறுபடி ஓடி வர வேண்டும். பையன்களுக்குப் பின்னால் போவது என்றால் தோற்ற மாதிரி. இந்த கேமில் அது அப்படியில்லை என்று புரியவைப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தாவுவதிலும் தரைதான் பேசும். சோனிக் எப்போதும் நேர் மேலே தாவுவதில்லை, நிற்கும் தரைக்குச் செங்குத்தாகத் தாவுகிறான். மேட்டில் ஏறிக்கொண்டே தாவினால் பின்னோக்கித் தள்ளிவிடும். “மாமா, பட்டன் ரிப்பேரா?” என்று அவன் கேட்டது இதைத்தான். பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு அடி முன்னால் சமதரையில் தாவு என்றேன், தாண்டிவிட்டான். இன்னொன்று, உருண்டுகொண்டே தாவினால் காற்றில் இடம் வலம் திருப்ப முடியாது, போன திசையிலேயே போய் விழுவீர்கள். ஓடிவந்து தாவினால் காற்றில் நன்றாகத் திருப்பலாம். குழி, லாவா, முள் இருக்கும் இடத்தில் உருண்டு தாவக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

ரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரே ஒரு ரிங் இருந்தாலும் அடி பட்டால் உயிர் போகாது. எத்தனை வைத்திருந்தாலும் அடி பட்டதும் வெளியே சிதறுவது அதிகபட்சம் 32தான், அவையும் சில விநாடியில் மறைந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் பொறுக்க ஓடாமல், அருகில் இருப்பதில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள். ஸோன் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸை எட்டு முறை அடிக்க வேண்டியிருக்கும்போது இந்தப் பழக்கம் ரொம்பவே உதவும். ஒரு எச்சரிக்கை: அடி பட்டபின் சோனிக் மின்னிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரிகள் ஒன்றும் செய்ய முடியாது. முள் மட்டும் குத்தும். முள்ளில் பட்டு எகிறி மறுபடி முள்ளிலேயே விழுந்தால் அவ்வளவுதான். பிற்பாடு வந்த சோனிக் கேம்களில் இப்படி இல்லை.

கிரீன் ஹில்லை முடித்ததும் வருவது மார்பிள் ஸோன். இங்கேதான் பெரும்பாலானோர் முகம் சுளிக்கிறார்கள். வேகமான கேம் என்று சொல்லிவிட்டு இடிந்த கோயில் மாதிரியான இடத்தில் கல்லைத் தள்ளச் சொல்கிறார்களே என்கிறார்கள். எனக்கு இந்த ஸோன் மேல் தனி மரியாதை உண்டு. கிரீன் ஹில் ஓடச் சொல்லித் தருகிறது. மார்பிள் நிற்கச் சொல்லித் தருகிறது. நிற்கத் தெரியாதவர்களால் இந்த கேமை முடிக்கவே முடியாது.

இங்கே சங்கிலியில் தொங்கும் முள் பாரங்கள் ஒரு தாளத்தில் இறங்கி ஏறும். அவற்றின் முன்னால் போய் நின்று, ஒரு முறை இறங்கி ஏறுவதைப் பார்த்து, அடுத்த முறை அது ஏறத் தொடங்கும்போதே கிளம்ப வேண்டும். முழுக்க ஏறட்டும் என்று காத்திருந்தால் நேரம் போதாது. கல்லை மெல்லத் தள்ளி லாவாவில் இறக்கி, அதன்மேல் ஏறி நின்றால் அது படகாகப் போகும். அந்த நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும், அது எவ்வளவு கஷ்டம் என்று ஆடினால்தான் தெரியும். அக்கா மகன் முதலில் கல்லின் நுனிக்கு நுனி ஓடிக்கொண்டே இருந்தான். “நடுவில் நில்லு, அப்புறம் என்ன வருதுன்னு பாரு” என்றேன். நின்றதும் வருகிற நெருப்பெல்லாம் முன்கூட்டியே தெரியத் தொடங்கியது. முள் முதுகோடு ஊர்ந்து வரும் எந்திரக் கம்பளிப்பூச்சியும் இங்கேதான். அதன் தலையில் மட்டும் அடிக்க வேண்டும், உடம்பில் பட்டால் நமக்குத்தான் அடி. ஓடி வந்து மோதுகிறவர்களுக்கு அது பிடிபடாது.

அடுத்த ஸ்பிரிங் யார்டில் கிண்ணம் போன்ற பள்ளங்கள் நிறைய. கிண்ணத்தில் போட்ட கோலிக்குண்டு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டே உயரத்துக்குப் போகலாம். இதன் பாஸ் சண்டையில் ரோபாட்னிக் நாம் நிற்கும் தரையையே ஒவ்வொரு கட்டையாகப் பிடுங்கிப் போவான். இங்கே மட்டும் தயங்காமல், அவன் இறங்கும்போதெல்லாம் அடித்துவிட வேண்டும்.

லேபிரிந்த் ஸோனுக்கு வருகிறேன். இந்த கேமை விட்டுவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விட்டிருப்பார்கள். தண்ணீருக்குள் சோனிக்கின் ஓட்டம் பாதியாகக் குறையும். தாவினால் மிதப்பதுபோல மெல்ல இறங்குவான். மூச்சு 30 விநாடிக்குத் தாங்கும். இடையிடையே மணி ஓசை எச்சரிக்கும். பிறகு அந்தப் பாட்டு தொடங்கும். 5, 4, 3 என்று எண்கள் அவன் தலைக்கு மேல் மிதக்க, பாட்டு வேகமெடுத்துக்கொண்டே போகும். கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்காவே, “டேய், அவனை முதல்ல வெளியே கூட்டிட்டு வா” என்று பதறிவிட்டார். மூச்சு போய்விட்டால் எத்தனை ரிங் இருந்தாலும் பயனில்லை, நேராக லைஃப் போய்விடும்.

இங்கே பிழைக்கும் வழி குமிழிகளில் இருக்கிறது. தரையில் சில இடங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றால் பயனில்லை. அதே இடத்திலிருந்து சிறிது நேரத்துக்கு ஒரு முறை பெரிய குமிழி ஒன்று வரும். அதை வாயில் வாங்கினால் மூச்சு மறுபடி முழுதாகும், பாட்டும் நின்றுவிடும். எண்கள் வந்தபிறகு குமிழி தேடி ஓடினால் அநேகமாகத் தாமதமாகிவிடும். எண்கள் வருவதற்கு முன்பே, ஒரு குமிழி இடத்துக்கு வந்ததும் அங்கேயே நின்று பெரியது வரும் வரை காத்திருந்து, முழு மூச்சோடு அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும். மூச்சு இருக்கிறதே என்று தாண்டிப் போகக் கூடாது. நாங்கள் ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆக்டிலும் குமிழி வரும் இடங்களைப் படமாக வரைந்துகொண்டோம். ‘மீன் சிலைக்குக் கீழே’, ‘இரண்டாவது ஈட்டி தாண்டி’ என்று அவன் கையெழுத்தில் குறிப்புகள். அதன் பிறகு லேபிரிந்தில் அவனுக்குப் பதற்றமே இல்லை. தண்ணீருக்கு மேலே தலை வந்தாலும் மூச்சு நிரம்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பல இடங்களில் குமிழியை விடப் பக்கத்தில் தண்ணீர்மட்டம் இருக்கும்.

மூன்றாம் ஆக்டின் முடிவில் தண்ணீர் ஏறிக்கொண்டே வர, செங்குத்தான குழாய் போன்ற பாதையில் ரோபாட்னிக் மேலே தப்பிப் போவான். அவனைத் துரத்தி அடிக்கப் பார்க்காதீர்கள். அடிக்கவே தேவையில்லை, மேலே போய்ச் சேர்ந்தால் போதும்.

இந்த மூன்று ஸோனையும் நிதானமாகக் கற்றவர்களுக்கான பரிசு ஸ்டார் லைட். இரவு நகரம், ஒளிரும் விளக்குகள், நீண்ட சரிவுகள், பெரிய லூப்புகள், கேமுக்கு இசையமைத்த மசாதோ நாகமுராவின் அந்த அமைதியான பாட்டு. கிரீன் ஹில்லில் கற்ற உருளும் வித்தையை இங்கே மனம்போல் ஆடலாம். பாஸ் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும். அவன் ஏற்ற இறக்கப் பலகைகளின் ஒரு முனையில் முள்குண்டைப் போடுவான். நாம் மறுமுனையில் குதித்தால் குண்டு எகிறி அவனையே அடிக்கும்.

எமரால்டுகளைப் பற்றி ஒரு கணக்கு சொல்லவேண்டும். ஒரு ஆக்டை 50 ரிங்கோடு முடித்தால் கடைசியில் பெரிய ரிங் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும், அதற்குள் குதித்தால் ஸ்பெஷல் ஸ்டேஜ். இது முதல் ஐந்து ஸோன்களின் 1, 2 ஆக்டுகளில் மட்டும் வரும். அதாவது ஆறு எமரால்டுக்குப் பத்து வாய்ப்பு. லேபிரிந்தில் 50 ரிங்கைக் காப்பாற்றுவது சுலபமில்லை. அதனால் கிரீன் ஹில்லிலிருந்தே ஒன்றையும் விடாமல் முயலுங்கள். கையில் 50 சேர்ந்த நொடியிலிருந்து எதிரிகளை அடிக்க ஓடாமல் ஒதுங்கிப் போய்விடலாம். 50க்கு மேல் சேர்ப்பதில் எமரால்டுக்கு லாபமில்லை, 100 ஆனால் ஒரு லைஃப் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஸ்பெஷல் ஸ்டேஜில் ஒரு பெரிய கட்டங்களாலான புதிர்ப்பாதை சுழன்றுகொண்டே இருக்கும், பின்னணியில் பறவைகள் மீன்களாக மாறும். தலை சுற்றும். நாம் செய்யக்கூடியது குறைவு, அதைப் புரிந்துகொள்வதுதான் இங்கே திறமை. பாதை சுழல்கிறது, ஆனால் சோனிக் விழுவது எப்போதும் திரையின் கீழ்ப்பக்கம்தான். வேண்டிய வழி கீழே வரும் வரை காத்திருந்து விழ வேண்டும். ‘ஆர்’ என்று எழுதிய கட்டையில் பட்டால் சுழற்சி எதிர்த்திசைக்கு மாறும். ‘கோல்’ என்று எழுதியது பெயரில்தான் இலக்கு, பட்டால் வெளியே தள்ளிவிடும். எமரால்டைச் சுற்றி வைரக் கற்கள் சுவராக இருக்கும். ஒரே கல்லைத் திரும்பத் திரும்பத் தொட்டால் நிறம் மாறி மாறி மறைந்துவிடும். பல கற்களைச் சுரண்டாமல் ஒரே இடத்தில் துளை போடுங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய கன்சோல்களில் டைட்டில் திரையில் சோனிக் வந்ததும் மேல், கீழ், இடம், வலம் என்று அழுத்தினால் ரிங் ஓசை கேட்கும். அப்புறம் ‘ஏ’ பட்டனைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால் எந்த ஆக்டை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். ஸ்பெஷல் ஸ்டேஜும் அதில் உண்டு. இது குறுக்கு வழி என்று சிலர் நினைப்பார்கள். கேமில் சேமிக்கும் வசதியே கிடையாது, லேபிரிந்தில் தோற்றால் மறுபடி கிரீன் ஹில். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு அரைமணி நேரம்தான் கிடைக்கும் என்றால், கஷ்டமான ஆக்டைத் தனியாகப் பழகிவிட்டு, விடுமுறை நாளில் முதலிலிருந்து முழுதாக ஆடுவதே சரி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஸ்டார் லைட்டுக்குப் பிறகு வரும் ஸ்கிராப் பிரெய்ன் ஸோன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரம்பங்களும் நெருப்பும் மறையும் மேடைகளுமாக, மார்பிளில் கற்ற நிற்கும் பழக்கத்துக்கான பரீட்சை அது. மூன்றாம் ஆக்ட் லேபிரிந்தின் நிறம் மாறிய அண்ணன். கடைசி ஸோனில் ரிங்கே கிடையாது, ஒரு அடியும் வாங்காமல் எட்டு அடி கொடுக்க வேண்டும். தூண்கள் மேலிருந்தும் கீழிருந்தும் வரும், அவற்றில் எதில் ரோபாட்னிக் இருக்கிறான் என்று பார்த்து ஒரு அடி மட்டும் அடித்துவிட்டு விலகுங்கள். இரண்டாவது அடிக்கு ஆசைப்பட்டால் நசுங்குவோம்.

ஆறு எமரால்டும் இருந்தால் முடிவில் கிரீன் ஹில் முழுக்கப் பூ பூக்கும். இல்லாவிட்டால் ரோபாட்னிக் எமரால்டுகளைக் கையில் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டே ‘மறுபடி முயற்சி செய்’ என்பான். அக்கா மகன் பூக்களைப் பார்த்ததும் வீடு முழுக்க ஓடி எல்லோரையும் கூப்பிட்டு வந்தான்.

கன்சோல் இல்லாதவர்களுக்கு 2022இல் வந்த ‘சோனிக் ஆரிஜின்ஸ்’ தொகுப்பு இருக்கிறது. போனுக்கும் 2013இல் ஒரு நல்ல பதிப்பு வந்தது. இவற்றில் நின்ற இடத்திலேயே சுழன்று பாயும் ஸ்பின் டாஷ் உண்டு, அசல் முதல் கேமில் அது கிடையாது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முதல்முறை ஆடும்போது அதைத் தொடாமல் ஆடிப் பாருங்கள் என்பேன். சரிவுகளை யாசுஹாரா எதற்காக எங்கே வைத்தார் என்பது அப்போதுதான் தெரியும். போனில் ஆடுவதென்றால் புளூடூத் கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணாடியில் விரலை வைத்து லேபிரிந்தைத் தாண்டுவது வீண் சிரமம்.

ஸ்பின் டாஷ் முதலில் வந்தது 1992 நவம்பரில் வெளியான சோனிக் 2இல். அதில் எமரால்ட் ஏழு. 50 ரிங்கோடு வழியில் இருக்கும் கம்பத்தைத் தொட்டாலே ஸ்பெஷல் ஸ்டேஜுக்கு வழி திறக்கும், ஆக்ட் முடியும் வரை ரிங்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு அக்கா மகன் வரும்போது அதைத்தான் தொடங்கப்போகிறோம். நோட்டில் பாதிக்கு மேல் பக்கம் மீதி இருக்கிறது.